பொன் பீரங்கி





சென்ற பௌர்ணமி நாளில் தாராவியில் நாம் ஆற்றிய அறவுரையை எழுத்தில் தர வேண்டுமென்று, அன்று வர இயலாத மாட்டுங்கா, செம்பூர் அன்பர்கள் கேட்டுக்கொண்டனர். நேரமின்மையால் அன்று சொல்லாது விட்டவற்றையும் சேர்த்து இங்கே வரைகின்றோம்.

அன்றைய பொருள் மானம். இச்சொல்லில் தமிழர்க்கு ஒரு சங்கடம் உண்டு. தமிழில் மானம் என்றால் உயிரினும் மேலானது. மானமுள்ள மனிதன் என்பது புகழ்ச்சி. மானங்கெட்டவன் என்பது வசை. பாலி மொழியிலோ மானம் என்பது களைய வேண்டிய குற்றம். 'நான்' என்று உள்ளே தலைநிமிரும் செருக்கே அங்கு மானம் எனப்படும். மனிதனைத் துக்கத்தோடு பிணைக்கும் பத்துத் தளைகளுள் அஃதும் ஒன்று. காமத்தையும் வெகுளியையும் அறுத்தெறிந்த அநாகாமியிடத்தும் அது எஞ்சி நிற்கும். அரகந்த நிலை எய்தியபோதே அறும். அத்தனை கெட்டியான வேர் அது. 'அவனினும் நான் உயர்ந்தவன்' என்பது ஒரு மானம். 'அவனுக்கு நான் சமம்' என்று அளந்து பார்ப்பது இன்னொரு மானம். 'அவனினும் நான் தாழ்ந்தவன்' என்று உள்ளே குமைவதும் மானமே. மூன்றாவதைச் சொன்னபோது கூட்டத்தில் சிலர் முகம் சுளித்ததை நாம் கண்டோம். அதற்குப் பின்னர் வருவோம். முதலில் மானத்தின் முழு உருவத்தைப் பெரிய கண்ணாடியில் பார்த்துவிடுவது நலம். அரசர்களைப் போன்ற பெரிய கண்ணாடி வேறு எங்கே கிடைக்கும்?

மும்பையிலிருந்து இரயிலேறினால் ஒரு பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய நகரம் வதோதரா. முன்னாளில் அதன் பெயர் பரோடா. கெய்க்குவாடு வமிசத்தார் அங்கே அரசாண்டனர். 1856 முதல் 1870 வரை ஆண்ட கண்டேராவ் என்பவர் ஒரு கம்பளம் செய்வித்தார். கம்பளி நூலால் அன்று, முத்துகளால். ஏறக்குறைய 15 இலட்சம் முத்துகள் அதில் கோக்கப்பட்டன என்பர். இடையிடையே வைரமும் மரகதமும் மாணிக்கமும் வேறு. மதீனாவில் நபிகள் நாயகத்தின் அடக்கத்தலத்துக்குக் காணிக்கையாக்கவே அதனைச் செய்வித்தார் என்று சொல்லப்படுகிறது. ஆனால் காணிக்கை போய்ச் சேரவில்லை. கம்பளம் அரண்மனையிலேயே தங்கிவிட்டது. நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, 2009-ல் கத்தார் நாட்டுத் தோஹா நகரில் ஏலத்துக்கு வந்து, 50 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. சிலர் இந்தக் கம்பளத்தையும் தம்பியின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். தம்பியின் கணக்கு அதில்லாமலே போதிய அளவு நீண்டது.

அந்தத் தம்பியே மல்ஹர்ராவ் கெய்க்குவாடு. தமையனைக் கொல்ல முயன்றார் என்ற ஐயத்தின்பேரில் 1863-ல் பாத்ரா என்னும் ஊரில் காவலில் வைக்கப்பட்டவர். 1870-ல் தமையனார் காலமானார். காவலில் இருந்தவரைக் கொண்டுவந்து அரியணையில் அமர்த்தினர். ஏழாண்டுகள் அடைபட்டுக் கிடந்த ஒருவர் வெளியே வந்ததும் முதலில் என்ன நினைப்பார்? அடைபட்டுக் கிடக்கும் மற்றவரை நினைப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ தமையனைத் தோற்கடிக்க நினைத்தார். இறந்துபோன தமையனை! கண்டேராவ் வெள்ளியால் பீரங்கி வார்த்திருந்தார். ஆகவே மல்ஹர்ராவ் பொன்னால் இரண்டு பீரங்கிகள் செய்யப் பணித்தார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொன் மெல்லிய உலோகம். கோட்டையைத் தகர்க்கவோ பகைவனை விரட்டவோ பொன் எதற்கு? அதினும் வேடிக்கை யாதெனில், பரோடா சமஸ்தானம் ஆங்கிலக் கும்பினியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தன் விருப்பம்போல் எவரோடும் போர் தொடுக்கும் உரிமையே அற்ற சமஸ்தானம். போரில்லாத நாட்டில், போருக்குதவாத உலோகத்தில், போர்க்கருவி. அலங்கரித்த எருதுகளைப் பூட்டி அதனை ஊர்வலம் விட்டனர். குடிகள் இருபுறமும் நின்று பார்த்தனர். அந்தப் பொன் யாருடையது என்று அவர்களுள் எத்தனை பேர் நினைத்தனரோ! அவர்களுடைய நிலவரியே குழலாகவும் சக்கரமாகவும் அவர்கள் கண்முன்னே உருண்டு சென்றது.

குடிகளின் முறையீடு பெருகியது. வரிக்கொடுமை, கசையடி, காரணமின்றிச் சிறை, பெண்களைப் பலவந்தமாகக் கவர்தல் எனப் புகார்கள் குவியவே, 1873-ல் ஆங்கில அரசு ஒரு விசாரணைக்குழு அமைத்தது. திருந்துவதற்கு மன்னருக்குத் தவணையும் கொடுக்கப்பட்டது. அந்த வேளையில் நம் பம்பாய் நகரத்துப் பார்சிப் பெரியார் தாதாபாய் நௌரோஜி அங்கே திவானாகச் சென்றார். இந்தியாவின் செல்வம் எவ்வாறு வடிந்து போகின்றது என்று பின்னாளில் உலகுக்குக் கணக்குக் காட்டிய அதே நௌரோஜிதாம். ஒருபுறம் மன்னரின் பழைய கையாட்கள், மறுபுறம் ரெசிடெண்டு துரையின் பகை. இரண்டுக்கும் நடுவில் அவரால் நிலைக்க முடியவில்லை. 1875 சனவரியில் பதவி துறந்து வெளியேறினார்.

அதற்குச் சற்று முன்னர், 1874 நவம்பர் 9-ஆம் நாள், ரெசிடெண்டு கர்னல் பேர் துரை காலையில் அருந்தும் பம்பளிமாசுச் சர்பத்தில் நஞ்சு இருந்ததாகப் பெருங்கூச்சல் எழுந்தது. கிண்ணத்தின் அடியில் தங்கிய வண்டலைச் சோதித்ததில் பாஷாணமும் வைரப்பொடியும் தெரியவந்தன. நஞ்சிலும் வைரம்! மன்னரைக் காவலில் வைத்தனர். ஆறு பேர் கொண்ட குழு 1875-ல் விசாரித்தது. மன்னருக்காக வாதாட இலண்டனிலிருந்து பாலண்டைன் என்னும் பேர்போன வழக்கறிஞர் பெருந்தொகை கொடுத்து வரவழைக்கப்பட்டார். குழுவிலிருந்த ஆங்கிலேயர் மூவரும் மன்னரைக் குற்றவாளி என்றனர். குவாலியர் மன்னர், ஜெய்ப்பூர் மன்னர், சர் தினகர்ராவ் ஆகிய இந்தியர் மூவரும் அதற்கு உடன்படவில்லை. ஆகவே நஞ்சு வைத்தவர் இவரே என்று நாம் சொல்வதற்கில்லை. ஆங்கில அரசும் நஞ்சை ஒதுக்கிவிட்டு, கொடுங்கோன்மையையே காரணமாகக் காட்டி, 1875 ஏப்ரலில் அவரை அரியணையிலிருந்து இறக்கிற்று. அவரைப் பிடிக்க வந்தபோது அந்தப் பொன் பீரங்கி ஒருமுறையேனும் முழங்கவில்லை.

இறக்கியவர்கள் நல்லவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் கொடும்பஞ்சம். நம் முன்னோர் இலட்சக்கணக்கில் மாண்டனர். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877 சனவரி முதல் நாள், டில்லியில் விக்டோரியா இராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க லிட்டன் பிரபு மாபெரும் தர்பார் நடத்தினார். மல்ஹர்ராவின் பீரங்கி இரண்டும் அந்த ஆடம்பரத்தின் முன் விளையாட்டுச் சாமான்களே. ஒரு மானம் இன்னொரு மானத்தைத் தண்டித்தது, அவ்வளவுதான்.

அரியணை இழந்தவரை எங்கே அனுப்பினர்? நம் தமிழ்நாட்டுக்கே அனுப்பினர். சென்னை நுங்கம்பாக்கத்தில் டவ்டன் இல்லம் என்னும் மாளிகையில் அவரை வைத்தனர். பாத்ராவில் காவல், பரோடாவில் அரியணை, சென்னையில் மீண்டும் காவல். 1882-ல் அங்கேயே, கேட்பாரின்றி, உயிர் நீத்தார். அந்த மாளிகையில் 1916 முதல் பெண்கள் கிறித்தவக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. மன்னர் முடங்கிக் கிடந்த கூடங்களில் பெண்மக்கள் பாடம் படிக்கின்றனர். அங்கிருந்து வெகு தொலைவில்லாத இராயப்பேட்டையில்தான் 1898-ல் பண்டிதர் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார் என்பதையும் தமிழ்ப் பௌத்தராகிய நாம் நினைவிற் கொள்வோமாக.

அரியணை இழந்த மன்னர் ஒருவரைப் பகவானும் அறிந்திருந்தார். அவர் கோசல நாட்டுப் பசேனதி. அவரது கதையில் இருவேறு காட்சிகளை நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு. முதற் காட்சியில் அவர் பெருந்தீனிக்காரர். ஒரு வேளைக்கு மரக்கால் கணக்கில் சோறுண்டு, மூச்சிரைக்கப் பகவானிடம் வந்து அமர்கின்றார். அளவறிந்து உண்பவனுக்கு உடல் நோய் குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் கருத்தில் பகவான் ஒரு செய்யுள் சொல்கின்றார். மன்னர் சினக்கவில்லை. பின்னால் நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனிடம், 'இதனை மனனம் செய்துகொண்டு நான் உண்ணும்போதெல்லாம் சொல். நாளொன்றுக்கு நூறு கார்ஷாபணம் தருகின்றேன்' என்கின்றார். நாளடைவில் தீனி நாழி அளவுக்குச் சுருங்கிற்று. தம் கை கால்களைத் தடவிப் பார்த்து மன்னர் மகிழ்ந்தார். பாருங்கள், அவரும் பொன் செலவிட்டவரே. 'போதும்' என்ற சொல்லைத் தம் காதில் விழச் செய்வதற்காகச் செலவிட்டார். மல்ஹர்ராவுக்கு 'போதும்' என்று சொல்ல ஒரு நௌரோஜி வாய்த்தும் பயனில்லாமற் போயிற்று.

இரண்டாம் காட்சி துயரமானது. எண்பது அகவையில் பசேனதி பகவானைக் காணச் செல்கின்றார். உள்ளே நுழையுமுன் வாளையும் தலைப்பாகையையும் கழற்றித் தம் படைத்தலைவன் காராயனனிடம் தருகின்றார். இவனுடைய மாமனைப் பொய்க்குற்றம் நம்பிக் கொல்வித்தவர் அவரே. அந்தப் பழைய வடு ஆறவில்லை. மன்னர் உள்ளே இருக்கும்போது, அவன் அரச சின்னங்களை எடுத்துச் சென்று இளவரசன் விடூடபனுக்கு முடி சூட்டிவிடுகின்றான். வெளியே வந்த மன்னருக்கு மிஞ்சியவை ஒரு குதிரையும் ஒரு பணிப்பெண்ணும். துணை வேண்டி இராஜகிருகத்துக்குப் போகின்றார். நகரை அடைந்தபோது இரவு. கோட்டைக் கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன. வாயிலுக்கு வெளியே ஒரு சாவடியில் படுத்தவர் விடியுமுன் இறந்துபோனார்.

அரச சின்னங்கள் கழன்ற பின்னரும் அவரிடம் எஞ்சியது ஒன்று உண்டு. அன்று மாலை பகவானின் திருவடிகளைத் தொட்டு, சங்கத்தின் ஒற்றுமையையும் பிக்குகளின் மலர்ந்த முகங்களையும் வியந்து அவர் பேசிய பேச்சு இன்றும் சூத்திரத்தில் நிலைத்திருக்கின்றது. மல்ஹர்ராவ் சென்னையில் ஏழாண்டு இருந்தார். அவர் பேசியதாகப் போற்றிக் காக்க ஒரு வாக்கியமும் உலகத்திடம் இல்லை. பீரங்கியை மட்டும் உலகம் நினைவில் வைத்திருக்கின்றது.

இராஜகிருகம் என்றதும் நமக்கு வேறொரு வீடும் நினைவுக்கு வரவேண்டும். மாட்டுங்காவுக்கு அருகே, தாதர் இந்துக் காலனியில், போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் 1930-களில் கட்டிய இல்லத்தின் பெயர் இராஜகிருகம். அவர் அதனைக் கட்டியது பெரிதும் தம் நூல்களை வைப்பதற்காகவே. அந்த நூல்களுக்கும் பொன் பீரங்கிக்கும் உள்ள உறவைச் சொல்லவே இத்தனை தூரம் பரோடாக் கதையை இழுத்து வந்தோம்.

மல்ஹர்ராவை இறக்கிய பின் பரோடாவுக்கு அரசர் வேண்டுமல்லவா? கண்டேராவின் கைம்பெண் ஜம்னாபாய், நாசிக் பக்கத்துக் கவளாணா என்னும் சிற்றூரிலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். பள்ளிக்கூடம் அறியாத அந்தக் குடியானவச் சிறுவனே மூன்றாம் சாயாஜிராவ் ஆனார். அவர் வளரும் வரையில் காலியான கஜானாவையும் சீர்கெட்ட ஆட்சியையும் திருத்தியவர் நம் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். சாயாஜிராவும் இலட்சுமி விலாச அரண்மனை கட்டியவர்தாம். ஆடம்பரம் அறியாத முனிவரல்லர். ஆயினும் 1893-ல் அம்ரேலி வட்டத்திலும் 1906-ல் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார்.

அந்தக் கஜானாவிலிருந்துதான், பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த சாலில் வளர்ந்த பீமராவுக்குக் கல்லூரியில் படிக்க மாதம் 25 ரூபாய் கிடைத்தது. 1913-ல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் செல்ல, மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகையும் கிடைத்தது. நாம் கணக்குப் பழகியது ஆலையில் கூலிச்சீட்டைப் பார்த்துத்தான். அந்தப் பழக்கத்தால் இதனையும் கூட்டிப் பார்த்தோம். 36 மாதம்; மொத்தம் 414 பவுன். அக்காலத்தில் பவுனுக்கு 15 ரூபாய் வீதம் 6,210 ரூபாய். ஒரு பொன் பீரங்கியின் சக்கரத்து ஆரத்துக்கேனும் இது காணுமோ? அந்த 6,210 ரூபாயிலிருந்து நமக்கு வந்தவற்றை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் நமக்குக் கிடைத்த தீட்சைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

பணமே எல்லாம் செய்துவிடாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அதே பரோடாவுக்கு 1917-ல் பணியேற்கச் சென்ற நம் தலைவருக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினர். ஒரு பூங்காவில் அமர்ந்து கண்ணீர் விட்டார். மன்னர் உதவித்தொகை கொடுத்தார். மன்னருடைய ஊர் ஓர் இரவு படுக்க இடம் கொடுக்கவில்லை. தடியோடு வந்தவர்களிடம் பொன்னும் இல்லை, பீரங்கியும் இல்லை. அவர்களிடம் இருந்தது முதல் வகை மானம் மட்டுமே.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முகம் சுளித்த அன்பர்களுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தாராவியில் நமக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பத்தில் பெண் பூப்பெய்தினாள். மஞ்சள் நீராட்டு விழா என்று தொண்ணூறடிச் சாலையில் பதாகை கட்டினர். பதாகையில் அந்தச் சிறுமி கிரீடம் சூடி, செங்கோல் ஏந்தி நின்றாள். மண்டபத்தில் சிவப்பு வெல்வெட்டுத் தைத்த வாடகைச் சிம்மாசனம். அட்டைக் கிரீடத்தில் கண்ணாடிக் கற்கள். நம்மையும் அழைத்திருந்தனர். நாமும் போய்த் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி, பிள்ளையை வாழ்த்தி, பந்தியில் அமர்ந்து வயிறார உண்டு வந்தோம். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை.

அந்த விழாவுக்கு வாங்கிய கடன் இரண்டு இலட்சம். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்று. மாதந்தோறும் ஆறாயிரம் வட்டி மட்டும் கட்டி வந்தனர். மூன்றாண்டு கழித்து அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் நன்றாகத் தேறினாள். மேலே சேர்க்க வழியில்லை. தோல் பை தைக்கும் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். செய்தி நம் காதுக்கு வந்தபோது, பழைய பழக்கம் விடுமா, மனத்துக்குள் கூட்டினோம். 36 மாதம். 2,16,000 ரூபாய் வட்டி போய்விட்டது; முதல் அப்படியே நின்றது. முப்பத்தாறு என்னும் அந்த எண்ணே நம்மை உறங்கவிடாமல் செய்தது. பரோடாவின் முப்பத்தாறு மாதம் எங்கே, தாராவியின் முப்பத்தாறு மாதம் எங்கே!

அந்தத் தாயிடம் போய்க் கேட்டோம். 'ஏனம்மா இவ்வளவு செலவு?' அந்த அம்மையார் நம்மை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: 'நாமும் மனிதர்தாம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா, ஐயா?'

இந்தச் சொல்லைக் கேட்டு நகைப்பவர் நம் வரலாறு அறியாதவர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்தனர். 1931 மக்கட்கணக்கு அறிக்கையில் ஹட்டன் துரை அவற்றைப் பதிந்திருக்கின்றார். பொன், வெள்ளி நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தலாகாது, சட்டை போடலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கலாகாது. பெண்கள் மேலாடை இடலாகாது, பூ வைக்கலாகாது, மஞ்சள் பூசலாகாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. பூவும் மஞ்சளும் தடுக்கப்பட்ட பாட்டியின் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தியவரை மல்ஹர்ராவோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க நமக்கு மனம் வராது. மன்னரின் ஆடம்பரம் மிஞ்சிக் கிடந்ததிலிருந்து வந்தது. நம்முடையது புண்ணிலிருந்து வருகின்றது.

ஆயினும் புண்ணுக்கு நாம் கட்டும் துணியை அவிழ்த்துப் பார்க்கத்தானே வேண்டும்? 'நான் தாழ்ந்தவன்' என்பது எதிரி நம்முள் நட்ட முளை. அதனைப் பிடுங்காமல் மேலே பொன்முலாம் பூசினால், வட்டிக்காரனுக்கே இலாபம். நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்கின்றோம். யார் அந்த நாலு பேர்? விழாவுக்கு வந்து உண்டு போனவர்களைக் கேட்டால், பாயசத்தில் முந்திரி குறைவு என்பர். நாமும் அந்த நாலு பேரில் ஒருவராக இலையில் அமர்ந்திருந்தோம் என்பதை மறைக்கவில்லை.

பகவான் ஈயாமையைப் புகழ்ந்தவரல்லர். எண்பது இலட்சம் பொன் வைத்துக்கொண்டு நொய்க்கஞ்சி குடித்து மாண்ட சாவத்தி நகரத்துச் செட்டியாரைப் பற்றிப் பசேனதி சொன்னபோது, தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாத அந்தச் செல்வம் காட்டிடைக் குளத்து நீர் போல வீணாயிற்றென்றே பகவான் இரங்கினார். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு அவர் வகுத்துக் கொடுத்த கணக்கு எளியது. வருவாயை நான்காக்கு, ஒன்றைத் துய்த்துக்கொள், இரண்டைத் தொழிலில் இடு, நான்காவதை இடர்க்காலத்துக்கு வை. துய்ப்பதற்கும் அங்கே இடமுண்டு. பிள்ளைக்குப் பூ வைத்து, மஞ்சள் பூசி, உறவினர்க்குச் சோறு போடுவதைத் தம்மம் தடுக்கவில்லை. கடன் வாங்கித் துய்க்க ஐந்தாம் பங்கு ஒன்றை அவர் சொல்லவில்லை.

வீடுகளை மட்டும் குறை சொல்லி நம் சங்கத்தை விட்டுவிடுவது நேர்மையன்று. சென்ற ஏப்ரல் 14-ஆம் நாள் ஜெயந்தி ஊர்வலத்தில் காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி வண்டிக்கு நாம் கொடுத்த வாடகை, மாணவர் நிதியில் ஆண்டு முழுவதும் சேர்ந்த தொகையினும் பெரிது. வண்டி முழுவதும் வண்ண விளக்கு. இரண்டு மணி நேரம் உருண்டது. நாமும் முன்னே நடந்தோம். நமக்கும் மார்பு விரிந்தது. அந்தப் பெண்ணின் பெயரைச் செயற்குழுவில் எடுத்தபோது, நிதியில் பணம் இல்லை என்று விடை வந்தது. விடை பொய்யன்று. பணம் உருண்டு போயிருந்தது.

அடுத்த ஜெயந்திக்கு வண்டி வேண்டாம், பறையும் நடையும் போதும் என்று செயற்குழுவில் நாம் சொல்லியிருக்கின்றோம். இளைஞர் சிலர்க்கு மனவருத்தம். அடுத்த வட்டாரத்தார் வண்டி கொண்டுவரும்போது நாம் வெறுங்காலோடு நடப்பதா என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, அவர்களுக்கும் பாட்டிமார் உண்டு. வருகின்ற பௌர்ணமி மாலை வழிபாட்டுக்குப் பின் இரண்டாண்டுக் கணக்குப் புத்தகத்தை எல்லார் முன்னும் விரித்து வைப்போம். தாய்மார் தவறாது வர வேண்டும். அந்தக் கணக்கை ஆண்கள் மட்டும் பார்த்தது போதும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். வாடகைச் சிம்மாசனம் வைக்கும் விழாவுக்கு இனி நாம் வருவதற்கில்லை. வீட்டில் பாய் விரித்து அழையுங்கள். செம்பூரானாலும் நடந்தே வந்து திரிசரணம் சொல்கின்றோம்.

சென்ற ஞாயிறன்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒற்றை அறை. சுவரில் பாபாசாகேப் படம். பக்கத்திலேயே, சட்டமிட்டு, கிரீடத்தோடு அவள் படம். அவள் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. நாம் அந்தப் படத்தையே பார்த்திருப்பதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அன்றைக்கு இராத்திரியே கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஐயா. ஒரு கல் விழுந்துவிட்டது என்று கடைக்காரர் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்' என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவதற்கான 17-ஆம் எண் படிவத்தை நாம் கொண்டு போயிருந்தோம். மராத்தியில் இருந்த இரண்டு வரிகள் நமக்கு விளங்கவில்லை. அவளே படித்துச் சொல்லி, கையைக் கழுவிவிட்டு வந்து, பேனாவை எடுத்தாள்.